தோரிகாவின் செவ்வாய்க்கிழமை

வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் தோரிகா தன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில், பை காலடியில், முதுகு நேராக. பாடம் நடத்திய இளைஞர் பலகையைத் துடைத்தார், அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார், அவரும் போய்விட்டார். மின்விசிறி மட்டும் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

குடையை மறந்து வைத்துவிட்டுப் போன லோசலினி அதை எடுக்கத் திரும்பி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏ தோரிகா, இன்னும் இங்க என்ன பண்ற? அடுத்த வகுப்பு மத்தியானந்தான்."

"தெரியும். இன்னும் மணி அடிக்கலையே."

"எந்த மணி?"

"வகுப்பு முடிஞ்ச மணி."

லோசலினி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரிய உடம்புக்காரி, அவள் சிரித்தால் கதவும் ஆடும். "இது காலேஜ்டீ. இங்க மணியும் கிடையாது மண்ணும் கிடையாது. வாத்தியார் வெளிய போனா முடிஞ்சுது. உங்க ஊர்க்காரங்களே இப்படித்தான். கடவுள் மூளை பங்கு வச்ச அன்னைக்கு எல்லாரும் மீன் பிடிக்கப் போயிட்டீங்க."

தோரிகாவுக்குக் கோபம் வரவில்லை. வரவும் கூடாது. லோசலினியின் ஊரும் அவள் ஊரும் தவூ முறை. இரண்டு ஊருக்கும் மூதாதை ஒருவரே என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம், ஒருவர் தட்டிலிருந்து மற்றவர் எடுத்துத் தின்னலாம், யாரும் முகம் சுளிக்கக் கூடாது. பிஜியின் தலைநகரான சுவாவுக்கு வந்த முதல் நாளே இப்படி ஒருத்தி கிடைத்தது தோரிகாவுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

தோரிகாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. வனுவா லெவு தீவில் ஒரு பெண்கள் பள்ளியில் விடுதி அம்மாவாக இருந்தவள். அதே பள்ளியில்தான் படித்தாள். படிப்பு முடிந்த வருஷமே அங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். ஆகவே சிறுமியாக இருந்தபோதிலிருந்தே மணிச் சத்தத்தில்தான் எழுந்தாள், ஜெபம் செய்தாள், குளித்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். முதலில் பிறர் அடித்த மணியைக் கேட்டாள், பிறகு அவளே அடித்தாள். அடிக்கிறவளுக்கு அதனால் சலுகை எதுவும் கிடையாது. கேட்கிறவர்களுக்கு முன்னால் எழ வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு புயலில் விடுதியின் கூரை பறந்தது. பிள்ளைகளை வேறு பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். தோரிகா, சுவாவில் குடும்பமாக இருந்த தங்கை மெரெயோனி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். முதியவர்களையும் படுக்கையில் கிடப்பவர்களையும் பார்த்துக்கொள்ளும் பயிற்சி ஒன்று நடக்கிறது என்று கேள்விப்பட்டு மெரெயோனிதான் அவளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டாள். "ஊரார் பிள்ளைங்களையெல்லாம் குளிப்பாட்டி வளத்தவ நீ. கிழவங்களையும் குளிப்பாட்டு. அதுக்குச் சம்பளம் தர்றாங்க" என்றாள். நல்ல யோசனைதான். இந்த வேலைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் தூக்கம் கெட்டால் ஓடிவிடுகிறார்கள். தோரிகா ஓட மாட்டாள்.

ஆனால் அந்த இடைவெளிகளை என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

காலையில் ஒரு வகுப்பு. அப்புறம் மத்தியானம் வரை ஒன்றுமில்லை. யாரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. மற்ற மாணவர்கள், அதில் பலர் அவள் வளர்த்த பிள்ளைகளின் வயதுக்காரர்கள், புல்லில் சாய்ந்து கிடந்தார்கள், பாட்டுக் கேட்டார்கள், நகரத்துக்குப் போய் ரொட்டிச் சுருள் வாங்கித் தின்றுவிட்டு வந்தார்கள். தோரிகா முதல் வாரம் நடைபாதையைப் பெருக்கினாள். விளக்குமாறு சுவரில் சாய்ந்திருந்தது, எடுத்தாள், பெருக்கினாள். கூட்டுகிற இந்தியப் பெண் ஓடி வந்தாள்.

"அக்கா, அதைக் கீழ வைங்க. நீங்க பெருக்கினா என்னை எதுக்கு வச்சிருக்காங்கன்னு கேப்பாங்க."

"சும்மாதானே இருக்கேன்."

"சும்மா இருங்களேன். காசா கேக்கறாங்க?"

சும்மா இருப்பதற்கும் பழக்கம் வேண்டும். நாள்பட்ட நோயாளியை எழுப்பி உட்கார வைக்கும்போது பார்த்திருப்பீர்கள். படுத்தே கிடந்தவருக்கு உட்கார்ந்தால் தலை சுற்றும். கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் கால் தொங்கப் போட்டு வைத்து, பிறகுதான் நிற்க வைக்க வேண்டும். தோரிகாவும் அப்படித்தான் பழகினாள். முதலில் நூலகத் தாழ்வாரத்தில் சற்று நேரம் நின்றாள். பிறகு அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒருநாள் செருப்பைக் கழற்றினாள். இன்னொரு நாள் லோசலினியோடு சந்தைக்குப் போய் உப்பும் மிளகாயும் தூவிய அன்னாசித் துண்டை நடந்துகொண்டே தின்றாள். நடந்துகொண்டே தின்பதற்காக எத்தனை பிள்ளைகளை அவள் கண்டித்திருப்பாள்! சாறு முழங்கை வரை வழிந்தது. லோசலினி தன்னுடையதை முடித்துவிட்டு இவளுடையதில் பாதியைப் பிடுங்கிக்கொண்டாள்.

மெரெயோனியிடம் இந்த இடைவெளிகளைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. மெரெயோனி நல்லவள். ஆனால் யாரிடமாவது ஒரு மணி நேரம் சும்மா கிடக்கிறது என்று தெரிந்தால் அதில் ஒரு குழந்தையையோ மரவள்ளிக்கிழங்கு மூட்டையையோ வைத்துவிடுவாள். அந்தக் குடும்பத்தில் கேட்டதற்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமும் கிடையாது.

பாட வகுப்புகளைத் தவிர செய்முறை வகுப்பு ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் சிஸ்டர் பிலோமேனா. ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒல்லி, குரல் மட்டும் கணீரென்று இருக்கும். "செவ்வாய் காலை ஒரு குழு, வியாழன் மத்தியானம் ஒரு குழு. பாடம் ஒண்ணுதான். எது வசதியோ அதுக்கு வாங்க" என்றார். எது வசதி என்று தோரிகாவை அதுவரை யாரும் கேட்டதில்லை. முதலில் வருவதை எடுத்துக்கொள்வதுதான் அவள் வழக்கம். செவ்வாய் என்றாள்.

செவ்வாய்க்கிழமை உள்ளே நுழைந்தபோது ஜன்னல் ஓரக் கட்டிலுக்குப் பக்கத்தில் நெத்தானி நின்றுகொண்டிருந்தான்.

நெத்தானி அவள் பெரியம்மா மகன். அக்காள் தங்கை இருவரும் ஒரே ஊரில் வாழ்க்கைப்பட்டவர்கள், ஆகவே பிள்ளைகள் ஒரே ஆற்றில் நீந்தி வளர்ந்தார்கள். பெரியம்மா மகன் என்றால் அண்ணன். அந்த ஊரில் அண்ணன் தங்கை என்றால், குழந்தைப் பருவம் தாண்டியதும் பேச்சு நின்றுவிடும். சண்டையால் அல்ல, மரியாதையால். நேருக்கு நேர் பேசக் கூடாது, ஒரே பாயில் உட்காரக் கூடாது, ஒருவர் வந்தால் மற்றவர் ஒதுங்க வேண்டும். யார் தலையையும் தொடுவதே குற்றம் என்கிற ஊரில், அண்ணன் தலையைத் தங்கை தொடுவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. நகரத்துப் பிள்ளைகள் இப்போது இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். தோரிகாவும் நெத்தானியும் விடவில்லை. அவனைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பிறர் வாய் வழியாக வந்ததுதான்: கல்யாணம் ஆனது, சுவாவுக்கு வந்தது, படுக்கையில் விழுந்த பெரியப்பாவை முகம் கோணாமல் கடைசி வரை பார்த்தது. அந்தக் கைப்பழக்கத்தைப் பார்த்துத்தான் யாரோ இந்தப் பயிற்சிக்கு அவனையும் அனுப்பியிருக்க வேண்டும்.

அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்றைக்குக் கை கழுவும் பாடம் மட்டும்தான், பிழைத்தார்கள். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று எல்லோரும் வரிசையாகக் கழுவினார்கள். கடைசியில் சிஸ்டர் சொன்னார்: "அடுத்த வகுப்புலேர்ந்து ஜோடி ஜோடியா. ஒருத்தர் கட்டில்ல படுக்கணும், ஒருத்தர் பார்த்துக்கணும். ஆணா பொண்ணான்னு எல்லாம் நான் பார்க்க மாட்டேன். குழுவுல ஒவ்வொருத்தரும் எல்லாரோடயும் செஞ்சாகணும். வெளிநாட்டு முதியோர் இல்லத்துல போய் எனக்கு இந்தக் கிழவர் வேண்டாம், அந்தக் கிழவி போதும்னு சொல்ல முடியுமா? செய்யாதவங்களுக்குச் சான்றிதழ் கிடையாது. அடுத்தது, படுத்தவங்களுக்குத் தலை கழுவறது."

தலை கழுவுவது.

தோரிகா அன்று மத்தியானம் எதையும் சாப்பிடவில்லை. லோசலினி அவள் பொட்டலத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டுக் கேட்டாள்: "என்ன, மூஞ்சி உப்புல போட்ட மீன் மாதிரி இருக்கு?"

"நான் படிப்பை விட்டுரலாம்னு பார்க்கறேன்."

விஷயத்தைக் கேட்டதும் லோசலினி கையை நக்கித் துடைத்தாள். "அதுக்குப் படிப்பை ஏன் விடணும்? கிழமையை மாத்திக்க. நான் வியாழன்தான் போறேன். நீயும் வா."

"மாத்த முடியுமா? செவ்வாய்னு நானேதான் சொன்னேன்."

"சொன்னா?"

"சொல்லிட்டேனே."

"கல்யாணமா பண்ணிக்கிட்ட? போய்க் கேளுடீ."

விடுதியில் குளிக்கிற முறையைக்கூட ஒரு பிள்ளை மாற்றிக் கேட்டதில்லை; கேட்டிருந்தால் தோரிகா ஒத்துக்கொண்டிருக்கவும் மாட்டாள். மறுநாள் சிஸ்டர் பிலோமேனாவின் அறை வாசலில் வெகு நேரம் நின்றாள். அண்ணன் பெயரைச் சொல்லி, அவனால்தான் என்று காட்டிக்கொடுப்பதுபோல் ஆகிவிடக் கூடாது. கடைசியில், "சிஸ்டர், எனக்குச் செவ்வாய் சரிப்படலை" என்றாள்.

சிஸ்டர் தலை நிமிரவே இல்லை. "சரி. வியாழன் வா."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன, நடனம் ஆடணுமா?"

தோரிகா வெளியே வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையைக் கையில் வைத்துக்கொண்டே விரிக்காமல் பேருந்து நிறுத்தம் வரை நடந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு எங்கேயும் வகுப்பு இல்லை. வீட்டில் வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தடத்தின் கடைசி நிறுத்தம் வரை போகிற பேருந்தில் ஏறினாள். அதுவரை எந்தப் பேருந்திலும் கடைசி வரை போனதில்லை. கண்ணாடிக்குப் பதிலாக ஜன்னலில் தொங்கிய தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டு, காற்று முகத்தில் அடிக்க உட்கார்ந்திருந்தாள். கடைசி நிறுத்தத்தில் ஒரு கடை, ஒரு தேவாலயம், சதுப்பில் நண்டு பிடிக்கும் இரண்டு பெண்கள், வேறொன்றும் இல்லை. அவள் ஒரு தேநீர் குடித்தாள். நண்டு பிடிக்கிற பெண்களிடம் சேறு எவ்வளவு ஆழம் என்று கேட்டாள். அதே பேருந்தில் திரும்பி வந்தாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்று முழுவதும் அவள் வாய்க்குள் பாடிக்கொண்டே இருந்ததாகவும், இரவுச் சாப்பாட்டில் தேங்காய்ப்பால் ஊற்ற மறந்துவிட்டதாகவும் மெரெயோனி பிறகு சொன்னாள்.

வியாழன் மத்தியானம் வெந்நீர்க் குடங்களும் துண்டுகளும் தயாராக இருந்த செய்முறை அறைக்குள் லோசலினியோடு சிரித்துக்கொண்டே நுழைந்தாள்.

ஜன்னல் ஓரக் கட்டிலுக்குப் பக்கத்தில் நெத்தானி நின்றுகொண்டிருந்தான்.

தங்கைக்குச் சங்கடம் வேண்டாம் என்று அவனும் கிழமையை மாற்றிக்கொண்டிருந்தான். அவனும் காரணம் சொல்லவில்லை, சிஸ்டரும் கேட்கவில்லை. நேரே ஒரு வார்த்தை பேசக்கூடியவர்களாக இருந்திருந்தால் இந்தக் கூத்து நடந்தே இருக்காது. பேசக்கூடியவர்களாக இருந்திருந்தால் யாரும் மாற்றவும் வேண்டியிருந்திருக்காது.

"நெத்தானி, படுங்க. தோரிகா, நீ தலை கழுவு. லோசலினி, மானோவா, நீங்க அந்தக் கட்டில்" என்றார் சிஸ்டர்.

நெத்தானி பின்வாசல் வழியாக வெளியே போனான். தோரிகா ஜன்னல் வழியே பார்த்தாள். மழையில், மாமரத்தடியில், கட்டடத்துக்கு முதுகு காட்டி நின்றான். வகுப்பை விட்டால் அவனுக்குச் சான்றிதழ் கிடையாது. தான் உள்ளே இருக்கும்வரை அவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே துண்டை மடித்து வைத்துவிட்டு அவள் முன்வாசல் வழியாக வெளியே போனாள்.

சிஸ்டர் பிலோமேனா வெந்நீர்க் குடத்தோடு காலிக் கட்டிலைப் பார்த்தார். "போன செவ்வாய் எனக்கு ரெண்டு ஆள் குறைஞ்சுது. இன்னைக்கு ரெண்டு ஆள் கூட. இப்ப அந்த ரெண்டும் மழையில நிக்குது. என்ன நடக்குது இங்க?"

லோசலினிக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. "சிஸ்டர், அதுங்க ரெண்டும் அண்ணன் தங்கச்சி. பேசாத முறை."

"அட ராமா" என்று நம் ஊர்க்காரி சொல்லியிருப்பாள். சிஸ்டர் "ஈசா" என்றார். அங்கே அதற்கு ஐயோ பாவம் என்று அர்த்தம். பிறகு வாசலுக்கு வந்து குரல் கொடுத்தார். "ரெண்டு பேரும் தாழ்வாரத்துக்கு வாங்க! எனக்கும் அண்ணன் இருக்கான், எனக்கும் தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா நாக்கு தேஞ்சா போகும்? ஒருத்தர் செவ்வாய், ஒருத்தர் வியாழன். தண்ணி ஆறறதுக்குள்ள முடிவு பண்ணுங்க. ஆறிப்போன தண்ணில யார் தலையையும் நான் கழுவ விடமாட்டேன்."

தாழ்வாரத்தின் ஒரு கோடியில் நெத்தானி மழையைப் பார்த்து நின்றான். மறு கோடியில் தோரிகா சுவரைப் பார்த்து நின்றாள். லோசலினி நடுவில் நின்றாள். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டாள்; இருவருக்கும் தவூ என்பதால் இருவரையும் திட்டலாம்.

நெத்தானி மழையிடம் சொன்னான்: "அவங்ககிட்ட சொல்லு, செவ்வாயை அவங்களே வச்சுக்கட்டும்."

அவள் அவனுக்கு இளையவள்தான். இருந்தாலும் அவங்கதான்.

"அந்தக் கோடியில நனைஞ்சு நிக்கிற மரவள்ளிக்கிழங்கு சொல்லுது, செவ்வாய் உனக்காம்" என்றாள் லோசலினி.

தோரிகா சுவரிடம் சொன்னாள்: "அவங்க எனக்கு முன்னாடி வந்து நின்ன கிழமை அது. அவங்களே வச்சுக்கட்டும்னு சொல்லு. எனக்கு எதுவானாலும் ஒண்ணுதான்."

"ஏ கிழங்கு, உன் தங்கச்சிக்கு எதுவானாலும் ஒண்ணுதானாம்."

"எனக்கும் எதுவானாலும் ஒண்ணுதான்னு சொல்லு."

"பொய்!" லோசலினி அவன் பக்கம் திரும்பினாள். "வியாழன் மத்தியானந்தானே தீவுப் படகு வரும்? நீ அங்க மூட்டை இறக்கற ஆளு. எங்க அண்ணன் துறையிலதான் நிக்கிறான், எனக்குத் தெரியாதா? இனிமே வியாழன் வரமாட்டேன்னு மேஸ்திரிகிட்ட சொல்லிட்டியாமே. மூளையையும் சேத்து மூட்டையில கட்டி இறக்கிட்டியா?"

மழை கூரைத் தகரத்தில் கொட்டியது.

தோரிகா சுவரிலிருந்து கொஞ்சம் விலகி நின்றாள். அவளுக்காக அவன் வேலையை விட்டிருக்கிறான். அவன் செவ்வாய்க்குப் போனால்தான் படகு வேலை அவனுக்குத் திரும்பக் கிடைக்கும். ஆனால் விட்டுக்கொடுக்கிறேன் என்று இவள் சொன்னால் அவன் வாங்கிக்கொள்ள மாட்டான். இன்னும் ஒரு படி கீழே இறங்கி, அவனும் விட்டுக்கொடுப்பான். இப்படி இருவரும் மாறி மாறி இறங்கிக்கொண்டே போனால் கடைசியில் இருவரும் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

"தண்ணி ஆறுது" என்றார் சிஸ்டர் உள்ளேயிருந்து.

லோசலினி இவள் பக்கம் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். அவளுக்குத் தாழ்ந்த குரல் என்றால் மற்றவர்களுக்குச் சாதாரணக் குரல். "தோரிகா. அவனுக்கு எது வேணும்னு நான் கேக்கல. உனக்கு எது வேணும்?"

விடுதியில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருந்தாள்: பிள்ளைகளுக்கு எது நல்லதோ அது. வீட்டில் இன்னொரு பதில்: மெரெயோனி சொல்கிறபடி. அவை இரண்டும் இங்கே உதவவில்லை. தார்ப்பாய் சுருட்டிய பேருந்து ஞாபகம் வந்தது. காரணமில்லாமல் குடித்த தேநீர் ஞாபகம் வந்தது. அதை வாய்விட்டுச் சொல்வது, கூட்டத்தின் முன்னால் தலைமுடியை அவிழ்த்துப் போடுவது போல வெட்கமாக இருந்தது.

"எனக்கு வியாழன் வேணும்" என்றாள்.

"ஏன்? அவனுக்காகவா?"

"இல்ல. செவ்வாய் காலை எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"ஒண்ணுக்கும் இல்ல. சும்மா இருக்க."

லோசலினி அவளை உற்றுப் பார்த்தாள். கேலி ஒன்றும் வரவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்கும். திரும்பி அந்தக் கோடிக்குப் போனாள்.

"கேட்டுக்க, கிழங்கு. உன் தங்கச்சி விட்டுக்கொடுக்கல. செவ்வாய்க்கிழமை காலை அவ சும்மா இருக்கப் போறாளாம். அதனால வியாழன் அவளுக்கு வேணுமாம். கண்டிப்பா வேணுமாம். நீ செவ்வாய்க்கே ஓடிப்போ."

பிறகு தோரிகாவுக்கு முதுகுப் பக்கமாக ஒரு சிரிப்பு வந்தது. தொண்டைக்குள்ளேயே கிடந்து உருளுகிற சிரிப்பு. ஆற்றில் அவள் காலைப் பிடித்து இழுத்துவிட்டுச் சிரிக்கிற பையனுடைய சிரிப்பு அப்படியே இருந்தது, குரல் மட்டும் கனத்திருந்தது.

"நல்லா இருக்கட்டும்னு சொல்லு" என்றான் நெத்தானி. "யாரும் எழுப்பாம இருக்கட்டும்னு சொல்லு."

உள்ளே போய், விட்ட பாடத்தைச் செவ்வாய்க்கிழமை செய்துகொள்வதாகச் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு அவன் துறைமுகத்தை நோக்கி நடந்தான். மழையில், வேகமாக. படகு வந்திருக்கும்.

அன்று தோரிகா மானோவா என்கிற இளைஞனுக்குத் தலை கழுவினாள். முதலில் முழங்கையில் ஊற்றிச் சூடு பார்த்தாள். கழுத்துக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்தாள், காதில் தண்ணீர் போகாமல் ஒரு கையால் அணை கட்டினாள், தொடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தலையைத் தொட்டாள். மானோவா பாதியில் குறட்டை விட ஆரம்பித்தான். "நோயாளி தூங்கிட்டா நீ பாஸ்" என்று சிஸ்டர் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அந்த வார இறுதியில் மெரெயோனிக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. லோசலினி இருக்கிற ஊரில் எதுவும் தெரியாமல் போகாது.

"செவ்வாய் காலைல உனக்கு வகுப்பே இல்லையாமே? நல்லதாப் போச்சு. சின்னவனைக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போ."

"மத்தியானம் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் தோரிகா. "காலைல முடியாது."

"ஏன், என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் இல்ல. ஆனா முடியாது."

மெரெயோனி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மத்தியானமே போகலாம், காலையில் அங்கே கூட்டமாகத்தான் இருக்கும் என்று தானாகவே சொல்லிக்கொண்டாள்.

கல்லூரியின் கீழ்ப்பக்கச் சரிவில் ஒரு ஈரப்பலா மரம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் துறைமுகம் முழுவதும் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமை தோரிகா ஒரு பாயைக் கொண்டுபோய் அதன் அடியில் விரித்தாள். நாலு நாள் மழைக்குப் பிறகு வெயில் வந்திருந்தது. கப்பல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் சாய்ந்தாள், சாய்ந்தவள் தூங்கிவிட்டாள். பகலில், திறந்த வெளியில், காலை நீட்டி.

செருப்புச் சத்தம் கேட்டுப் பாதி கண் விழித்தாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து செய்முறை அறைக்குப் போகும் பாதை அந்த மரத்தை ஒட்டித்தான் போகிறது என்பதை அவள் யோசிக்கவில்லை. மேட்டின் கீழே நெத்தானி வந்துகொண்டிருந்தான், தோளில் துண்டோடு, வகுப்புக்கு நேரமாகிவிட்ட அவசரத்தோடு. அவன் அருகில் வந்தால் அவள் எழுந்து, இடுப்பில் சுற்றிய சூலுத் துணியைச் சரிசெய்துகொண்டு, ஒதுங்கி நிற்க வேண்டும். முறை அதுதான். ஒரு கை தரையில் ஊன்றியும்விட்டாள்.

அவன் பாதையில் நின்றான். பாயைப் பார்த்தான். பிறகு குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பாதையை விட்டு இறங்கி, மழைத்தண்ணீர் தேங்கிய புல்வெளியில் கணுக்கால் வரை சேற்றில் அமிழ, வெகுதூரம் சுற்றிக்கொண்டு போனான். திரும்பிப் பார்க்கவில்லை. மேலே போய்க் குழாயடியில் கால் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. தாமதத்துக்காகச் சிஸ்டர் பிலோமேனா திட்டுகிற சத்தமும் கேட்டது.

தோரிகா ஊன்றிய கையை எடுத்தாள். எழுந்திருக்கவில்லை. வெயில் முழங்கால் வரைக்கும்தான் வந்திருந்தது. அது முகத்துக்கு வருகிறவரை தூங்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.